கல்லணையிலிருந்து கடல் வரை: இளைஞர் குழுவுக்கு ஒரு சைக்கிள் பயணத் திட்டம்

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் தொண்டர்கள் கால்நடையாகப் புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராகக் கடந்து ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். தூரம் ஏறத்தாழ 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். பதினைந்து நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குப் பத்து மைல்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் என்றால் அங்கே அள்ளிய உப்புதான் எல்லோருக்கும் நினைவு. அந்த நடைக்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டை யாரும் அதிகம் பேசுவதில்லை. நூறு பேருக்கு இரண்டு வாரம் தினமும் சோறு வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், இரவு படுக்க இடம் வேண்டும். இதெல்லாம் வழியில் இருந்த ஊர்க்காரர்களை நம்பிப் போட்ட திட்டம். அன்றைய தஞ்சை மாவட்ட கலெக்டர் ஜே.ஏ. தோர்ன் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். அதனால்தான் சோறு போடுகிறவர்களைக் குறிவைத்தார்: தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுத்தால் ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டில் இடம் கொடுத்துவிட்டுச் சிறைக்குப் போனார். மற்ற இடங்களில் சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கின. கலெக்டரின் உத்தரவால் நடை நிற்கவில்லை.

காவிரி டெல்டாவில் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு பல நாள் பயணம் போக நினைக்கும் எவருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், இரவு எங்கே தங்கல், சோறு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் புறப்படும் முன்பே பதில் இருந்தது. அதே வழியில், கொஞ்சம் மாற்றி, இன்று சைக்கிளில் ஐந்து நாளில் போகலாம். பள்ளியின் சாரணர் அணியோ, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டக் குழுவோ, ஊர் இளைஞர் மன்றமோ, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பயணம் இது.

காவிரிப் படுகை சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். திருச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 85 மீட்டர் உயரம், தஞ்சாவூர் 60 மீட்டரை ஒட்டி, கும்பகோணம் 25 மீட்டர் அளவு, வேதாரண்யம் கடலோரம். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இவ்வளவுதான் சரிவு. மலைப்பாதைக்குத் தேவைப்படும் கியர் சைக்கிள் இங்கே தேவையே இல்லை. இந்தப் பக்கம் காலைக் களைக்க வைப்பது காற்று.

காற்றையும் மழையையும் வைத்துத்தான் தேதி குறிக்க வேண்டும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கிழக்கே போகிறவரை முதுகில் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் அப்போது பள்ளிக்கூடம் நடக்கும், ஆறுகளில் தண்ணீரும் வேகமாக ஓடும். காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அரையாண்டு விடுமுறை மார்கழியில் வருகிறது. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காலியாகக் கிடைக்கும். அந்த ஒரு வசதிக்காகப் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் புயல் மழையின் மிச்சம் மார்கழியிலும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான். கோடை விடுமுறை பற்றிப் பேச்சே வேண்டாம். 1930இல் அவர்கள் சித்திரை வெயிலில் நடந்ததற்கு ஒரு தேசம் காரணமாக இருந்தது, பிள்ளைகளை அப்படி வாட்ட இன்று ஒரு காரணமும் இல்லை.

மிச்சமிருப்பது தை. பொங்கல் விடுமுறையோடு ஒரு சனி, ஞாயிறைச் சேர்த்தால் ஐந்து நாள் கிடைத்துவிடும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சம்பா கதிர் முற்றி அறுவடை தொடங்கியிருக்கும். காலையில் பனி மூட்டம் உண்டு. அதனால் பொழுது நன்றாக விடிந்து ஆறரை மணிக்கு மேல் கிளம்புவதே பத்திரம். காற்று அந்த மாதம் வடகிழக்கிலிருந்து வரும். கிழக்கே போகிற குழுவுக்கு அது எதிர்க்காற்று; கடலை நெருங்க நெருங்க மதியத்துக்கு மேல் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். பதினோரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட்டால் இரண்டிலிருந்தும் தப்பலாம்.

தூரம் போடும்போது பெரியவர்கள் செய்யும் தவறு, தங்கள் வேகத்தை மனத்தில் வைத்துக்கொள்வது. தனியாக மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டும் பையன், பதினைந்து பேர் கூட்டத்தில் நின்று நின்று போகும்போது மணிக்குப் பத்துதான் போவான். நான்கு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர். கூட்டத்தில் மெதுவாக ஓட்டுகிறவர் யாரோ, அவருடைய கால்தான் திட்டத்தின் அளவுகோல். முதல் நாள் தூரம் குறைவாக இருக்க வேண்டும். உற்சாகம் அன்று அதிகமாக இருக்கும், உட்காரும் இடத்தில் வலி மறுநாள் காலையில்தான் தெரியும்.

இந்தக் கணக்குப்படி வழி இப்படி அமையும். தொடக்கம் கல்லணை. கரிகாலன் பெயரோடு சேர்ந்த அந்த அணையில் நின்று காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த நாட்களில் கடக்கப்போகும் ஒவ்வொரு பாலமும் அவர்களுக்குப் புரியும். அங்கிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாக ஆற்றங்கரைச் சாலையில் திருவையாறு. 30 கிலோமீட்டர் சொச்சம். இரண்டாம் நாள் காவிரியின் வடகரையிலேயே கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். இன்னும் ஒரு 35. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். பட்டறைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நின்று விளக்குவார்கள்.

மூன்றாம் நாள் கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி. நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. பயணத்தில் இதுவே நீளமான நாள். நான்காம் நாள் திருத்துறைப்பூண்டி வரை 28 அல்லது 30. வேண்டுமென்றே குறைத்த நாள் அது, ஏனென்றால் பக்கத்தில் ஆதிரெங்கம் இருக்கிறது. ஏறத்தாழ 170 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்திய ஊர். மூன்று நாளாக இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளைகளுக்கு மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் காட்டுயானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே கேட்கத் தோன்றும். ஐந்தாம் நாள் வேதாரண்யம், 35 கிலோமீட்டர். ஊருக்குத் தெற்கே அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் நிற்கிறது. கால் தாங்கினால் இன்னும் சிறிது தூரத்தில் கோடியக்கரை. தை மாதத்தில் அங்கே வலசை வந்த பூநாரைகள் இருக்கும், வெளிமான்கள் எப்போதும் உண்டு.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போகும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையையும், தஞ்சாவூர் கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டி போகும் 36ஆம் எண் நெடுஞ்சாலையையும் கூடியவரை தவிர்ப்பதற்காகவே இந்தச் சுற்று வழி. நெடுஞ்சாலையில் தூரம் குறையும். பக்கத்தில் பறக்கும் பேருந்துக்குப் பயந்து பிள்ளைகள் எதையும் பார்க்காமல் ஓட்டுவார்கள்.

வரைபடத்தில் கோடு போட்டதும் திட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. குழுவை நடத்தப்போகும் இரண்டு பெரியவர்கள், முடிந்தால் மூத்த மாணவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு முறையாவது முழு வழியையும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். மோட்டார் சைக்கிளில் போனாலும் போதும். எந்தக் கரைச்சாலை மழையில் அரித்துக் கப்பி பெயர்ந்து கிடக்கிறது, எந்தப் பாலம் வேலையில் இருக்கிறது, பஞ்சர் கடை எந்த ஊரில், அரசு மருத்துவமனை எந்தத் தெருவில் என்பதெல்லாம் கைப்பேசி வரைபடத்தில் சரியாகத் தெரியாது. வழியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கெங்கே என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், தெரிந்தவர் வீடு என்று பத்து கிலோமீட்டருக்கு ஓர் இடமாவது வேண்டும். இதை விட்டுவிட்டால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலேயே ஓட்டுவார்கள். அது உடம்புக்கு நேரான கேடு.

அந்த முன்பயணத்தில்தான் தங்கும் இடம் பேச வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் தலைமை ஆசிரியரின் சம்மதத்தோடு கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதியும் தேவை. கல்யாண மண்டபம் என்றால் தை முகூர்த்த நாட்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டுப் போவது நல்லது. கோயில் மண்டபம், சர்ச் வளாகம், மதரஸா, கிராமத்துச் சமுதாயக் கூடம் எல்லாம் கேட்டால் கிடைக்கும். கீழத்தஞ்சைச் சனங்களுக்கு வழிப்போக்கரை உபசரிப்பது புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்து பாதயாத்திரையாக வருகிறவர்களுக்கு இந்தச் சாலையோரங்களில் பந்தல் போட்டுத் தண்ணீரும் சோறும் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள், ஒரு இரவு தங்க வேண்டும் என்று நேரில் போய்ச் சொன்னால், “சாப்பாடு நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்ல யாராவது ஒருவர் முன்வருவார். போனில் கேட்டால் அதே ஆள் தயங்குவார்.

சைக்கிள் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது கிடைக்கும் அந்தக் கியர் இல்லாத சைக்கிளே இந்தச் சமவெளிக்குப் போதும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஊர் சைக்கிள் கடைக்காரரை ஒரு நாள் முழுக்க வரவழைத்து எல்லாச் சைக்கிளையும் வரிசையாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை மாற்றுவது, செயினுக்கு எண்ணெய், தளர்ந்த போக்ஸ் கம்பியை இறுக்குவது என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். பஞ்சர் ஒட்டத் தெரியாத ஒருவரும் குழுவில் இருக்கக் கூடாது: டியூபை வெளியே எடுத்து, தண்ணீரில் முக்கிக் குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அரம் போட்டுத் தேய்த்து, சொலூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுவது பதினைந்து நிமிட வேலை. அறுவடைக் காலத்தில் சாலையில் முள்ளுக்குக் குறைவிருக்காது.

சீட்டின் உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். தாழ்ந்த சீட்டில் ஐந்து நாள் ஓட்டினால் முட்டி வீங்கிவிடும். மூட்டை முழுதும் பின் கேரியரில், பழைய டியூபால் இறுக்கிக் கட்டியதாக இருக்க வேண்டும். ஹேண்டில் பாரில் பை தொங்கினால் திருப்பும்போது சைக்கிள் தடுமாறும். இரண்டு மாற்றுடை, ஒரு துண்டு, ஒரு போர்வை, மழைக்கு ஒரு பாலிதீன் விரிப்பு; இதற்குமேல் போனால் மூன்றாம் நாள் வருத்தம்தான். தாவணி, துப்பட்டா, லுங்கி மூன்றும் சக்கரத்தில் சிக்கும் துணிகள், ஓட்டும் நேரத்தில் அவை வேண்டாம்.

பெண் பிள்ளைகளை அனுப்ப வீடுகள் தயங்கினால், பக்கத்து மாவட்டத்துக் கதையைச் சொல்லலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் இதை முன்னின்று நடத்தினார். குவாரியில் கல் உடைத்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஒன்றாகச் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அவர்களில் பலர் ஊர்ப் பேச்சுக்கு நடுவே கற்றவர்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகம் முழுக்கத் தெரியவைத்தார். அந்தத் தலைமுறையின் பேத்திகள் ஐந்து நாள் ஓட்டிப் போக வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையா? ஆசிரியை ஒருவராவது குழுவோடு முழு வழியும் ஓட்டி வருவார் என்று உறுதி சொன்னால் பெற்றோர் கூட்டத்தில் பாதிக் கேள்வி அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு, எழுத்தில் தரப்பட்ட வழித்திட்டமும் ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் தொலைபேசி எண்ணும் பதில் சொல்லும்.

இளைஞர் பயணங்களை நெடுநாளாக நடத்தி வருகிறவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கங்கள் உண்டு. 1956இல் பிரிட்டனில் தொடங்கிய டியூக் ஆஃப் எடின்பரோ விருதுத் திட்டத்தில் பிள்ளைகள் நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழுவாகத்தான் பயணம் போகிறார்கள். உண்மையான பயணத்துக்கு முன் ஒரு ஒத்திகைப் பயணமும் உண்டு. இரண்டையும் அப்படியே இங்கே கொண்டுவரலாம். இருபது பேர் என்றால் மூன்று குழு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வழி தெரிந்த ஒருவர், பின்னால் யாரையும் விட்டுவிடாத நிதானமான ஒருவர், குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் ஒரு நல்ல இடைவெளி. இருபது சைக்கிள் ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் வரும் பேருந்து முந்தவும் முடியாமல், பொறுக்கவும் முடியாமல் ஹாரன் அடிக்கும். விபத்து அங்கேதான் பிறக்கிறது. ஒத்திகைக்கு ஒரு சனி ஞாயிறு, மூட்டையோடு, 30 கிலோமீட்டர் போய் ஓர் இரவு தங்கித் திரும்பினால், யாருக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தை மாதச் சாலைக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. கொள்முதல் நிலையத்தில் போடும் முன் ஈரம் போக நெல்லைச் சாலையில் பரப்பிக் காயப்போடுவார்கள். அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும், விவசாயிக்கும் நஷ்டம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. வைக்கோல் ஏற்றிய டிராக்டரை வளைவில் முந்தக் கூடாது. கதிர் அறுக்கும் இயந்திரம் எதிரே வந்தால் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். அறுத்த வயலில் மேய்க்க ஓட்டி வரும் வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். காத்திருக்கலாம், பிள்ளைகளுக்கு அது வேடிக்கை.

சாலையைவிட அஞ்ச வேண்டியது தண்ணீர். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். ஆகவே பொங்கல் சமயத்தில் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வெயிலில் ஓட்டி வந்த பிள்ளைக்குப் படித்துறையைக் கண்டதும் குதிக்கத்தான் தோன்றும். மதகுக்குக் கீழே சுழல் இருக்கும், மணல் அள்ளிய குழி கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களையும் அது விடுவதில்லை. கல்லணையிலும் கொள்ளிடத்திலும் கால்வாய்களிலும் யாரும் இறங்கக் கூடாது என்பதை, மீறினால் அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்பதை, முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் தாட்சண்யம் கிடையாது.

சாப்பாட்டுக்குப் பெரிய யோசனை வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் டீயும், எட்டரை மணிக்கு இட்லியோ பொங்கலோ, தங்கும் இடத்தில் சூடான மதியச் சோறு. வழியில் மோர், பானகம், இளநீர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம், அளவு மாறக் கூடாது. தலைக்கவசம் எல்லோருக்கும் வேண்டும். 108 ஆம்புலன்சை எப்படிக் கூப்பிடுவது, இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். வழியில் உள்ள காவல் நிலையங்களுக்கு ஒரு கடிதம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

திரும்பி வருவதைத்தான் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரல் முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. பிள்ளைகள் அதில் ஏறியோ பேருந்திலோ ஊர் திரும்பலாம். சைக்கிள்களுக்குக் குட்டியானை வண்டி ஒன்றை முன்பே பேசி வைக்க வேண்டும். அதே வண்டி ஐந்து நாளும் பின்னால் வரும்படி ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது: முடியாமல் போன பிள்ளையை ஏற்றிக்கொள்ளலாம், சமையல் பாத்திரமும் அதிலேயே வரும். செலவில் பெரிய பங்கு இந்த வண்டிக்கும் சாப்பாட்டுக்கும்தான். ஊர்ப் பெரியவர்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்டுத் திரட்டக்கூடிய தொகைதான் அது.

பொங்கலுக்குப் போக நினைக்கும் பள்ளிகளும் மன்றங்களும் புரட்டாசியிலேயே முதல் பெற்றோர் கூட்டத்தைப் போட்டுவிட வேண்டும். மழை தொடங்கும் முன் ஒரு முறையும், மழை விட்டதும் மார்கழியில் இன்னொரு முறையும் வழியைப் பார்த்து வாருங்கள். தங்கும் ஊர்களுக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.